மின்சாரம் திரும்பியும் கணினி எழவில்லை என்றால்

"தம்பி, கரண்டு வந்து அரை மணி நேரம் ஆச்சு, கம்ப்யூட்டர் மட்டும் வரவே இல்ல" என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து தெரிந்த அக்கா ஒருவர் தொலைபேசியில் சொல்லும்போது, நான் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "எதுவரைக்கும் வந்து நிக்குது அக்கா?" விளக்கு எரிகிறதா, விசிறி சுற்றும் ஓசை கேட்கிறதா, திரையில் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றுகிறதா, அதன்பின் வட்டமிடும் புள்ளிகள் தெரிகின்றனவா, கடவுச்சொல் கேட்கும் பக்கம் வருகிறதா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால், கோளாறு எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது பெரும்பாலும் ஐந்து நிமிடங்களில் தெரிந்துவிடும். கணினி எழுவது என்பது ஒரே செயல் அன்று. கிணற்றடியிலிருந்து வரிசையாக நின்று குடத்தைக் கைமாற்றிக் கொடுப்பது போன்றது அது. பவர் சப்ளை மின்சாரத்தைச் சீராக்கி, "தயார்" என்ற சமிக்ஞையை, உறுப்புகளை எல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டுக்கு அனுப்புகிறது. மதர்போர்டில் உள்ள பயாஸ் என்ற தொடக்க நிரல், செயலியையும், தற்காலிக நினைவகமான ரேமையும், திரைக்குப் படத்தை அனுப்பும் திரை அட்டையையும் சோதித்துப் பார்க்கிறது. பிறகு இயக்க முறைமை இருக்கும் வட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. அந்த வட்டிலிருந்து விண்டோஸ் தன்னைத்தானே ஏற்றிக்கொள்கிறது. குடம் யார் கையில் நின்றுபோனது என்று தெரியாமல் எதையும் கழற்றக் கூடாது, எதையும் அழிக்கவும் கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நான் உதவி செய்துவந்த ஒரு தமிழ் வகுப்பின் கணினி, இரவு நேர மின்வெட்டு ஒன்றுக்குப் பிறகு, தொடங்குவதற்கான வட்டு கிடைக்கவில்லை என்று திரையில் எழுதிக் காட்டி நின்றுவிட்டது. அவசரத்தில் யாரோ அதை ஒரு கடைக்குக் கொண்டுபோனார்கள். கடையில் மறுநாளே வட்டை ஃபார்மட் செய்து, அதாவது அதிலிருந்ததை எல்லாம் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவிக் கொடுத்துவிட்டார்கள். பல ஆண்டு மாணவர் பதிவேடுகளும், பெரியவர்கள் பாடிப் பதிவுசெய்த தாலாட்டுகளும் அதோடு போயின. கணினியைத் திரும்பக் கொண்டுவந்த பிறகும் அதன் கடிகாரம் ஒவ்வொரு காலையிலும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய் நின்றதைப் பார்த்துத்தான், மதர்போர்டில் இருந்த காசு அளவுள்ள பேட்டரி தீர்ந்திருந்தது தெரியவந்தது. அந்தப் பேட்டரி தீர்ந்ததால், மின்சாரம் போன இரவில் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து, வட்டை வேறு முறையில் தேடியிருக்கிறது. வட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. சில பத்து ரேண்டு விலையுள்ள பேட்டரியையும் ஓர் அமைப்பையும் மாற்றியிருந்தால் எல்லாம் அப்படியே கிடைத்திருக்கும்.

முதலில் சுவர்ப் பக்கம்

தென்னாப்பிரிக்காவில் வாழும் நாம் மின்சாரத்தையே முதல் சந்தேக நபராக வைத்துக்கொள்வது நியாயமானது. 2007-இன் இறுதியில் தொடங்கி 2023-இல் உச்சத்தைத் தொட்ட லோட் ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு, நம் வீட்டுக் கருவிகளை எத்தனை முறை திடீரென்று அணைத்து எழுப்பியது என்பதை நாமே அறிவோம். மின்சாரம் போகும் நொடியைவிட அது திரும்பும் நொடிதான் அதிக ஆபத்தானது. தெரு முழுவதும் கீசர், குளிர்பதனப் பெட்டி, அடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும்போது அழுத்தம் ஏறி இறங்கும். அந்த அலைச்சலைப் பவர் சப்ளையே முதலில் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே மின்சாரம் போனவுடன் பிளக்கைக் கழற்றிவிட்டு, திரும்பி வந்த பின் பத்து நிமிடங்கள் கழித்துச் செருகுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஜொகன்னஸ்பர்க், லெனேஷியா பக்கத்தில் இருப்பவர்கள் கோடைப் பிற்பகல் இடி மின்னலின்போதும் இதைச் செய்ய வேண்டும். அப்போது மின் பிளக்கோடு ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கம்பியையும் கழற்றுவது அவசியம், ஏனெனில் அந்த வழியாகவும் மின்னல் மதர்போர்டைத் தொடக்கூடும்.

கணினி முழுவதுமாக உயிரற்றுக் கிடந்தால், அதாவது விளக்கும் இல்லை, விசிறியும் இல்லை என்றால், சுவரிலிருந்து உள்நோக்கி வாருங்கள். கணினி செருகியிருந்த அதே துளையில் ஒரு மேசை விளக்கைச் செருகி எரிகிறதா என்று பாருங்கள். மூன்று தடித்த உருளைக் கால்கள் கொண்ட நம் பிளக்கையும் புதிய சிறு பிளக்கையும் இணைக்க நாம் அடுக்கடுக்காகப் பயன்படுத்தும் அடாப்டர்கள் நாளடைவில் தளர்ந்துபோகும். தொட்டால் சூடாக இருப்பதோ, பழுப்பேறி உருகிய தடம் தெரிவதோ இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பிறகு, இங்கே எல்லோரும் கெட்டில் கம்பி என்று சொல்லும் மின்கம்பியை, வேலை செய்வதாகத் தெரிந்த இன்னொன்றால் மாற்றிப் பாருங்கள். மானிட்டருக்கும் பெரும்பாலும் அதே வகைக் கம்பிதான் வரும் என்பதால், சோதனைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மேசைக் கணினியின் பின்புறம் பவர் சப்ளையிலேயே ஒரு சிறு சுவிட்சு இருக்கும். தூசி துடைக்கும்போது அது அணைந்துபோனதால் வந்த அழைப்புகளையும் நான் பெற்றிருக்கிறேன். பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நழுவு சுவிட்சு ஒன்றும் இருக்கலாம். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதால் அது 230-இல்தான் இருக்க வேண்டும். அதை விளையாட்டாகக்கூட நகர்த்தாதீர்கள்.

கணினியைச் செருகிய கணமே வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியான டி.பி. போர்டில், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்சு விழுகிறது என்றால், உள்ளே எங்கோ மின்சாரம் உலோகப் பெட்டிக்குக் கசிகிறது என்று பொருள். அந்தச் சுவிட்சு மனித உயிரைக் காப்பதற்காக 30 மில்லி ஆம்பியர் அளவிலான கசிவிலேயே துண்டிக்கும்படி வைக்கப்பட்டது. மீண்டும் மீண்டும் தூக்கிவிட்டுச் சோதிக்காதீர்கள். பவர் சப்ளையை மாற்றும் வரை அந்தக் கணினியை ஒதுக்கி வையுங்கள். இன்வெர்ட்டரில் இயக்கும்போது மட்டும் கணினி எழ மறுப்பதும், பவர் சப்ளை ரீங்கரிப்பதும் உண்டு. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சீரான சைன் அலையைத் தராமல் படிக்கட்டு போன்ற அலையைத் தருவதே அதற்குக் காரணம். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் எழுகிறது என்றால் கணினியில் குறை இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உயிர் வரவில்லை என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை முப்பது நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிந்து, பாதுகாப்புக்காகத் தன்னைப் பூட்டிக்கொண்ட பவர் சப்ளை பல நேரங்களில் இதனாலேயே விடுபட்டுவிடும். மடிக்கணினியிலும் இதையே செய்யலாம்: சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்திப் பிடித்து, பின்பு சார்ஜரை மட்டும் இணைத்துத் தொடங்குங்கள். பேட்டரி இல்லாமல் எழுகிறது என்றால் குறை பேட்டரியில் இருக்கிறது. சார்ஜரை இரவல் வாங்கிச் சோதிப்பதாக இருந்தால், அதன் அடியில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று படித்துப் பார்த்த பிறகே செருகுங்கள். முனை பொருந்திவிட்டது என்பதற்காகச் செருகுவது தவறு.

மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பவர் சப்ளையின் வெளிவரும் கம்பிகளை அளந்து பார்க்கலாம். மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட். இரண்டிலும் ஐந்து விழுக்காடு கூடுதல் குறைவு அனுமதிக்கத்தக்கது, ஆகவே மஞ்சளில் 11.4-க்குக் கீழே காட்டினால் அதை நம்ப வேண்டாம். ஆனால் பவர் சப்ளையின் உலோகப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்பும் அதனுள் உள்ள மின்தேக்கிகள் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டத்தைத் தாங்கி நிற்கும். அதற்குள் பழுது பார்ப்பது வீட்டு வேலை அன்று. புதிதாக மாற்றுவதே முறை.

விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாக இருக்கிறது

இந்த நிலைதான் மக்களை மிகவும் குழப்புவது. மதர்போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. முதலில் மானிட்டரின் விளக்கைப் பாருங்கள், அதன் பொத்தானால் சரியான உள்ளீடு தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். தனித் திரை அட்டை உள்ள கணினியில், மானிட்டர் கம்பி அந்த அட்டையில்தான் செருகப்பட வேண்டும். வீடு சுத்தம் செய்தபோது கழற்றி, மீண்டும் மதர்போர்டின் துளையில் செருகிவிட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். மடிக்கணினியாக இருந்தால் எச்.டி.எம்.ஐ. கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் கணினி நலமாக இருக்கிறது, திரையும் அதற்குப் போகும் கம்பியும்தான் பழுது.

அடுத்து காதைக் கூர்மையாக்கிக்கொள்ளுங்கள். மதர்போர்டில் சிறு ஒலிப்பான் இருந்தால், படம் காட்ட முடியாதபோது அது பீப் ஒலிகளால் பேசும். அந்த மொழி தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பழைய அவார்டு பயாஸில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வந்தால் திரை அட்டையில் குறை. வேறு நிறுவனத்தின் பயாஸில் அதே ஒலிக்கு வேறு பொருள் இருக்கக்கூடும். ஆகவே எத்தனை நீண்ட ஒலி, எத்தனை குறுகிய ஒலி என்று தாளில் எழுதிக்கொண்டு, உங்கள் மதர்போர்டின் கையேட்டில் தேடுங்கள். புதிய மதர்போர்டுகள் பலவற்றில் ஒலிக்குப் பதிலாக நான்கு சிறு விளக்குகள் இருக்கும்: செயலி, ரேம், திரை அட்டை, வட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எது அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறதோ, குடம் அங்கேதான் நின்றிருக்கிறது.

என் அனுபவத்தில், டர்பன் பக்கத்து வீடுகளில் இந்த நிலைக்கு மிகுதியாகக் காரணமாக இருப்பது ரேம்தான். கடல் காற்றின் ஈரமும் உப்பும் ரேமின் தொடுமுனைகளில் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன; மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த கணினியில் இது இன்னும் அதிகம். இதைச் சரிசெய்வதற்குக் காசு தேவையில்லை, பொறுமைதான் தேவை. மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பெட்டியை மேசைமேல் பக்கவாட்டில் கிடத்தி, மூடியைத் திறந்து, வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை கையால் தொடுங்கள். நம் உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அதன் வழியே போய்விடும். டர்பனின் ஈரக்காற்றில் அது அவ்வளவு சேர்வதில்லை. ஆனால் உள்நாட்டு மேட்டு நிலத்தின் வறண்ட குளிர்காலத்தில், கம்பளிச் சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறப்பதைக் கண்டவர்கள் இந்தப் படியைத் தவிர்க்க மாட்டார்கள்.

செயலியின் விசிறிக்கு அருகில், மதர்போர்டின் விளிம்பையொட்டி நீளவாக்கில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய பலகைகளே ரேம். அவற்றின் முனையில் உள்ள சிறு பிளாஸ்டிக் கவ்விகளை வெளிப்புறமாக அழுத்தினால், பலகை தன் துளையிலிருந்து அரை விரற்கடை எழும்பும். ஓரங்களைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். அதன் அடிவிளிம்பில் பொன்னிறத் தொடுமுனைகள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்பதைக் காண்பீர்கள். அவை பளபளவென்று இருக்க வேண்டும்; மங்கிய பழுப்பு நிறமோ கறைப் புள்ளிகளோ தெரிந்தால், பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை அழிப்பான் ஒன்றை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில், அழுத்தாமல் தேயுங்கள். இரண்டு பக்கமும் தேய்த்த பின், உலர்ந்த மென்தூரிகையால் அழிப்பான் துகள் ஒன்றுகூட ஒட்டியிராமல் தட்டிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். திரும்பச் செருகும்போது, விளிம்பில் உள்ள வெட்டு நடுவில் இல்லாமல் சற்றே தள்ளி இருப்பதைக் கவனியுங்கள். பலகை ஒரு பக்கமாக மட்டுமே பொருந்துவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டு முனைகளிலும் கட்டை விரல்களை வைத்து, கவ்வி தானாக மூடிக்கொள்ளும் 'டக்' என்ற ஓசை கேட்கும்வரை அழுத்துங்கள். அந்த ஓசை கேட்கவில்லை என்றால் பலகை முழுதாக அமரவில்லை.

இரண்டு பலகைகள் இருந்தால், முதலில் ஒன்றை மட்டும் செருகித் தொடங்குங்கள். நான்கு துளைகள் உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது துளையே அதற்கு உரியது. எழவில்லை என்றால் அதை எடுத்துவிட்டு மற்றொன்றை அதே துளையில் வையுங்கள். இப்படி மாற்றி மாற்றி வைக்கும்போது பழுதுபட்ட பலகை எது, பழுதுபட்ட துளை எது என்பது பிரிந்து தெரியும். டி.டி.ஆர். 5 வகை ரேம் பொருத்திய புதிய கணினிகளுக்கு ஓர் எச்சரிக்கை: ரேமைக் கழற்றி மாட்டிய பின் முதல்முறை எழும்போது அவை தம்மைத்தாமே அளந்து பழகிக்கொள்கின்றன, அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதற்றப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

கணினி எழுந்து, சில நிமிடங்களில் தானாகவே அணைந்துவிடுகிறது என்றால் அது வெப்பம். விசிறியிலும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளிலும் பஞ்சுபோல் அடைத்திருக்கும் தூசியை அகற்றுங்கள். சனவரி, பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் இந்தப் புகார் கூடிவிடும். கரப்பான்களும் பல்லிகளும் அந்த வெதுவெதுப்பைத் தேடி உள்ளே குடியேறுவதால், பெட்டியின் பின்புறம் மூடப்படாமல் கிடக்கும் துளைகளை உலோகத் தகடால் அடைத்துவிடுவதும் நல்லது.

காசு அளவுள்ள பேட்டரி

தயாரிப்பாளரின் சின்னம் தோன்றிய பின், வட்டு கிடைக்கவில்லை என்ற செய்தியோடு நின்றால், முதலில் செருகியிருக்கும் யூ.எஸ்.பி. நினைவகங்களை எல்லாம் கழற்றிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். கணினி அதிலிருந்து எழ முயன்று தோற்றிருக்கலாம். அதுவும் இல்லையென்றால், தொடங்கும்போதே டெலீட் விசையையோ எஃப் 2 விசையையோ தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் நுழையுங்கள். அங்கே இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, தேதி. தேதி பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால், மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. அந்தப் பெயரில் உள்ள எண்ணிலேயே அதன் அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மருந்துக்கடையிலும் பல்பொருள் அங்காடியிலும் கிடைக்கும். கணினியின் மின்கம்பியைக் கழற்றிய பிறகு, எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி மாற்றுங்கள்.

இரண்டாவது, வட்டின் பெயர் பயாஸில் தெரிகிறதா என்பது. பெயர் தெரிந்தும் தொடங்கவில்லை என்றால், அமைப்புகள் மாறிப்போயிருக்கின்றன: யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறையில் நிறுவிய விண்டோஸைப் பழைய லெகசி முறையில் தேடிக்கொண்டிருக்கலாம், அல்லது வட்டோடு மதர்போர்டு பேசும் முறை ஏ.எச்.சி.ஐ. என்பதிலிருந்து ரெய்டு என்பதற்குத் தாவியிருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் கைபேசியில் திரையைப் படம் பிடித்துக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வட்டின் பெயரே இல்லையென்றால், அதன் தரவுக் கம்பியையும் மின்கம்பியையும் கழற்றி அழுத்தமாக மாட்டுங்கள். பிறகும் தெரியவில்லை என்றால் வேறொரு கம்பியில் முயலுங்கள். சுழலும் வகை ஹார்டு டிஸ்க் 'டிக், டிக்' என்று ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது தன் கடைசி மூச்சில் இருக்கிறது. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் உள்ளே இருப்பது மேலும் அழிகிறது.

விண்டோஸ் பாதியில் நின்றால்

புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தால் பொறுத்துப் பாருங்கள். புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்த வேளையில் மின்சாரம் போயிருந்தால், அது விட்ட இடத்தைச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகலாம். வட்டு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும்வரை வேலை நடக்கிறது. அதன் பின்பும் அசைவில்லை என்றால், பவர் பொத்தானைப் பத்து நொடிகள் அழுத்திப் பிடித்து அணைத்து மீண்டும் எழுப்புங்கள். இரண்டு முறை அடுத்தடுத்துப் பாதியில் நின்றால், அடுத்த முறை விண்டோஸ் தானாகவே மீட்புப் பக்கத்தைத் திறக்கும். அங்கே தொடக்கப் பழுதுபார்ப்பு, அண்மையில் நிறுவிய புதுப்பிப்பை நீக்குதல், முந்தைய நிலைக்குத் திரும்புதல் ஆகியவற்றை இந்த வரிசையிலேயே முயலலாம். இவை மூன்றும் உங்கள் கோப்புகளைத் தொடுவதில்லை. கணினியை மீட்டமைத்தல் என்பது மட்டும் வேறு. அதில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வு இருந்தாலும், நிரல்கள் போய்விடும். அதைக் கடைசியாகவே எண்ண வேண்டும்.

பாதுகாப்பு முறை என்று அழைக்கப்படும் சேஃப் மோடு ஏன் பயனுள்ளது என்பதற்கு உலகமே பார்த்த சான்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை எழவிடாமல் செய்தது. விமான நிலையங்களும் வங்கிகளும் முடங்கின. கணினிகளின் உறுப்புகள் எதுவும் பழுதாகவில்லை. சேஃப் மோடில் நுழைந்து, அந்த ஒரு கோப்பை அழித்ததும் அவை எழுந்தன. சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு இன்றியமையாதவற்றை மட்டுமே ஏற்றுவதால், வெளியிலிருந்து வந்த குறை விலகி நிற்கிறது. மீட்புப் பக்கத்தின் தொடக்க அமைப்புகளுக்குள் சென்று, 4 என்ற எண்ணைத் தட்டினால் அதற்குள் நுழையலாம். அங்கே கணினி ஒழுங்காக ஓடினால், அண்மையில் நிறுவிய நிரலையோ, கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளையோ நீக்குங்கள்.

அந்த நாளில் பலரைத் தடுத்து நிறுத்தியது பிட்லாக்கர் என்ற பூட்டு. வட்டைப் பூட்டி வைத்திருக்கும் கணினிகள், மீட்புப் பக்கத்துக்குள் சென்றாலோ பயாஸ் அமைப்பு மாறினாலோ 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நாம் அறியாமலே இது இயங்கிக்கொண்டிருக்கிறது. அந்த எண் பெரும்பாலும் நம் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நலமாக இருக்கும்போதே அதைத் தேடி எடுத்து, தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அந்த எண் இல்லாமல் யாராலும், எந்தக் கடையாலும், பூட்டிய கோப்புகளைத் திறக்க முடியாது.

சிறிய குறிப்பு ஒன்று: விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியால், அணைக்கும்போது கணினி முழுவதும் அணைவதில்லை, தன் நிலையின் ஒரு பகுதியை வட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவு கெட்டால் ஒவ்வொரு முறையும் அதே கோளாறோடு எழும். மறுதொடக்கம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் புதிதாக ஏறும்.

கோப்புகளை முதலில் வெளியே எடுத்தல்

விண்டோஸ் எந்த வழியிலும் எழவில்லை, ஆனால் வட்டு பயாஸில் தெரிகிறது என்றால், பழுதுபார்ப்பைத் தொடர்வதற்கு முன் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள். குறிப்பாக, வட்டின் பிழைகளைத் தேடித் திருத்தும் செக்டிஸ்க் நிரலைப் பலவீனமான வட்டில் ஓட்டினால் அதுவே அதன் முடிவாகிவிடக்கூடும். வட்டை அப்படியே முழு நகலாக (படிமமாக) எடுத்த பிறகே அதை ஓட்ட வேண்டும். வெளியே எடுப்பதற்கு நான் பயன்படுத்துவது உபுண்டு. வெல்கமில் பிறந்த தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய இந்த இலவச இயக்க முறைமை 2004 அக்டோபரில் முதன்முதலாக வெளிவந்தது; அதன் பெயர், நம்மைச் சுற்றி அன்றாடம் கேட்கும் சூலு மொழியின் சொல்தான். வேறொரு கணினியில் இதைப் பதிவிறக்கி, குறைந்தது 8 ஜிகாபைட் உள்ள யூ.எஸ்.பி. நினைவகத்தில் எழுதிக்கொண்டு, பழுதான கணினியை அதிலிருந்து எழுப்ப வேண்டும். திரையில் "முயன்று பார்" என்ற தேர்வை எடுங்கள், "நிறுவு" என்பதை எடுக்காதீர்கள். வட்டைத் தொடாமல், நினைவகத்திலிருந்தே உபுண்டு இயங்கும். அதன் கோப்பு உலாவியில் உங்கள் பழைய வட்டு தெரியும். புகைப்படங்கள், ஆவணங்கள், குரல் பதிவுகள் ஆகியவற்றை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எது மீண்டும் கிடைக்காதோ அதை முதலில் எடுங்கள். திரைப்படங்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உபுண்டு இடையூறின்றி ஓடுகிறது என்பதே ஒரு நற்செய்தியும்கூட. பவர் சப்ளை, ரேம், செயலி, திரை எல்லாம் நலமாக இருக்கின்றன, குறை வட்டிலோ விண்டோஸிலோதான் இருக்கிறது என்று அதனால் உறுதியாகிறது.

இதன் பிறகும் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தால் போகலாம், அதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் நீங்கள் செய்த சோதனைகளையும், கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும், கேட்ட ஒலிகளையும், திரையில் வந்த செய்தியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வட்டில் நகலெடுக்காத கோப்புகள் இருந்தால், முடியுமானால் வட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, பவர் சப்ளையோ மதர்போர்டோ பழுதுபார்க்க மட்டும் பெட்டியைக் கொடுங்கள். முடியாதென்றால், "என்னைக் கேட்காமல் வட்டை ஃபார்மட் செய்யக் கூடாது" என்று தடித்த எழுத்தில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டி, கடையின் ரசீதிலும் அதே வாக்கியத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அக்காவின் கணினிக்கு அது தேவைப்படவில்லை; கெட்டில் கம்பியின் முனை தளர்ந்திருந்தது, மானிட்டரின் கம்பியை மாற்றிச் செருகியதும் எழுந்துவிட்டது.